பிள்ளை அழுதால் எழலாம்

போனில் சீட்டா ஆடுறீங்க? தனியாகவா? நல்ல ஆட்டம்தான். ஜெயித்தாலும் சரி, தோற்றாலும் சரி, அணைத்துப் பையில் போட்டுக்கொள்ளலாம். எங்கடி எழுந்திரிக்கிறே என்று கேட்க எதிரில் ஆள் கிடையாது. ஆனால் ஒன்று சொல்கிறேன், தப்பாக நினைக்காதீங்க. சீட்டு ஆடத் தெரிவது பெரிய விஷயமே இல்லை. ஆட்டத்திலிருந்து எழுந்து போகத் தெரிய வேண்டும். அது உங்கள் போனில் வராது.

இருங்க, இவளை இந்தப் பக்கம் போட்டுக்கொள்கிறேன், கால் உங்கள் மேல் படுகிறது. பேரு தன்ஷிகா. இவள் அப்பா போனில் தேடி வைத்த பேர். அர்த்தம் கேட்டால் அவருக்கும் தெரியாது. தன்சு என்றுதான் கூப்பிடுகிறோம். நீங்க திண்டுக்கல்லா? நான் மதுரையில் இறங்கி, அங்கிருந்து சாத்தூர். அம்மா வீட்டுக்கு. நேரம் நிறைய இருக்கிறது, சொல்கிறேன்.

திருப்பூரில் எங்களுடையது லைன் வீடு. இந்தப் பக்கம் அஞ்சு, அந்தப் பக்கம் அஞ்சு, நடுவில் ஒரு நடை. நடைக்கு மேலே தகரம் போட்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு தின்றுவிட்டு ஆம்பளைகள் எல்லாம் உள்ளே விழுந்துவிடுவார்கள். அப்போது அந்த நடையில் பாயை விரித்து நாங்கள் நாலு பேர் ரம்மி போடுவோம். அஞ்சு மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும் வரைக்கும்தான். தண்ணீர் வந்தால் யார் எந்தக் கையில் இருந்தாலும் ஆட்டம் முடிந்தது.

காசு வைத்து ஆடுவதில்லைங்க. சத்தியமாக இல்லை. பட்டன். என் வீட்டுக்காரர் கம்பெனியில் கழித்துப் போட்ட சட்டைப் பட்டன். நாலு ஓட்டை விழ வேண்டிய இடத்தில் மூணு ஓட்டை விழுந்தது. அதை வேறு எதற்கும் வைத்துக்கொள்ள முடியாது. ஆனால் எங்கள் லைனில் அதற்கு ஒரு மரியாதை உண்டு. மூணு பட்டன் கொடுத்தால் எதிராளி உங்களுக்கு மாவு ஆட்டித் தர வேண்டும். ரெண்டு கொடுத்தால் துணி அலசித் தர வேண்டும். அஞ்சு பட்டன் கொடுத்தால் ஒரு நாள் முழுக்க உங்கள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மாட்டேன் என்று சொல்ல முடியாது. அதனால்தான் சொல்கிறேன், வெறும் விளையாட்டு என்று நினைத்துவிடாதீங்க. தோற்றவள் அடுத்தவள் வீட்டு மாவை ஆட்டிக்கொண்டு நிற்பாள்.

எங்களில் மூத்தவர் தங்கமணி அக்கா. வீட்டு ஓனருக்கு அக்கா முறை. மோட்டார் போடுவது, வாடகை வாங்குவது, யார் வாசல் குப்பை யாருடையது என்று தீர்ப்பு சொல்வது எல்லாம் அவர்தான். அப்புறம் ரெஜினா, தூத்துக்குடிக்காரி, கம்பெனியில் செக்கிங். அப்புறம் சுலோச்சனா, மன்னார்குடி. வீட்டிலேயே உட்கார்ந்து பனியனுக்குப் பிசிர் வெட்டிக் கொடுப்பாள். நாலாவது நான், சங்கரேஸ்வரி. சங்கரி என்றே கூப்பிடுங்க.

இந்த மூணு பேரும் எழுந்து போகப் போகிறார்கள் என்பதை அவர்களுக்கு முன்னாலேயே நான் கண்டுபிடித்துவிடுவேன். தங்கமணி அக்கா முதல் சீட்டைப் போடும்போதே "நான் போறனப்பா" என்று ஆரம்பிப்பார். போகவே மாட்டார். நாலு மணி வரைக்கும் போறன், போறன் என்று சொல்லிக்கொண்டே அத்தனை பேரையும் மொட்டையடித்துவிடுவார். அவர் போறேன் என்று சொல்வதை நிறுத்தினால்தான் நிஜமாகப் போகப் போகிறார் என்று அர்த்தம். ரெஜினா வேறு மாதிரி. ஜெயித்துவிட்டு எழ நினைத்தால் பாசம் பொங்கும். "எக்கா, நீங்க நல்லாத்தான் ஆடுனீங்க, சீட்டு வரல, என்ன செய்ய" என்று நமக்கு ஆறுதல் சொல்வாள். ரெஜினா ஆறுதல் சொன்னாலே நான் உஷாராகிவிடுவேன். சுலோச்சனா ஜெயித்தால் கொட்டாவி விடுவாள். தோற்றால் கிழக்கே பார்த்து மாறி உட்காருவாள், சீட்டை யார் கலைத்தது என்று சண்டை இழுப்பாள், கடைசி ஆட்டம் என்பாள். சுலோச்சனாவின் கடைசி ஆட்டம் குறைந்தது ஏழு ஆட்டம்.

நான் அப்படி எந்தச் சாடையும் காட்டுவதில்லை. எழ நினைத்தால் எழுந்துவிடுவேன். நான் கிளம்ப நினைத்தால் மூக்குக்குள்ளேயே பாட்டு முனகுகிறேனாம். அவர்கள் சொல்வது. சுத்தப் பொய். எனக்குப் பாட்டே வராது.

ஆனால் லைனில் ஒரு சட்டம் இருக்கிறது. பட்டன் யாரிடம் அதிகமாக இருக்கிறதோ அவள் முதலில் எழக்கூடாது. ஜெயித்ததை அள்ளிக்கொண்டு ஓடினால் மற்றவர்களுக்கு எப்படி இருக்கும்? எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆனால் மீறிப் பாருங்க தெரியும். ஒரு தடவை சுலோச்சனா நாற்பது பட்டன் வைத்துக்கொண்டு தலைவலி என்று எழுந்து போனாள். அவ்வளவுதான். மறுநாள் காலையில் குழாயடியில் தங்கமணி அக்கா தலைவலி எப்படி இருக்கு என்று கேட்டார். சாயங்காலம் ரெஜினா கேட்டாள். நான் ஒரு சுக்குத் துண்டு கொண்டுபோய்க் கொடுத்தேன். ஏழு நாள் விடாமல் கேட்டோம். எட்டாம் நாள் அவளுக்கு நிஜமாகவே தலைவலி வந்துவிட்டது.

ஜெயித்தவள் எழுவதற்கு ஒரே வழிதான் உண்டு. தூங்குகிற பிள்ளை அழுதால் எழலாம். எழலாம் என்ன, எழுந்தே ஆக வேண்டும். அதற்கும் காரணம் இருக்கிறது. ரெஜினாவின் பையன் சின்னவனாக இருக்கும்போது, அவள் ஒரே ஒரு சீட்டுக்காகக் காத்துக்கொண்டிருந்த நேரத்தில், அவன் தவழ்ந்து போய்த் துணி ஊற வைத்த வாளிக்குள் இறங்கி உட்கார்ந்திருக்கிறான். சோப்பு நுரைக்கு நடுவில் தலை மட்டும் தெரிந்ததாம். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்குத் தங்கமணி அக்கா போட்ட சட்டம் இது. பிள்ளை அழுகைக்கு மேல் ஆட்டம் கிடையாது.

இப்போது அவன் பள்ளிக்கூடம் போகிறான். கைப்பிள்ளை என்னிடம் மட்டும்தான். தன்சு பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து வீல் என்று கத்துகிற ஜாதி. அதனால் நான் ஜெயித்தாலும் எப்போது வேண்டுமானாலும் எழலாம் என்கிற நிலைமை. மூணு பேருக்கும் அதில் கொஞ்சம் வயிற்றெரிச்சல் உண்டு. வெளியே சொல்ல மாட்டார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன தை மாசம். கல்யாணத்துக்கு முன்னால் நான் கம்பெனியில் கைமடி. டைலருக்குப் பக்கத்தில் நின்று துணியை எடுத்துக் கொடுப்பது, அடுக்குவது, அந்த வேலை. எத்தனை வருஷம் நின்றாலும் கைமடி கைமடிதான். அதே கம்பெனியில் பவர் டேபிள் தையல் சொல்லிக் கொடுக்கிறார்கள், பழைய ஆளாக இருந்தால் சேர்த்துக்கொள்வார்கள் என்று தெரிந்தது. பேர் கொடுத்தேன். கூப்பிட்டுவிட்டார்கள். திங்கட்கிழமை ஆரம்பித்து அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை முடிகிறது, பன்னிரண்டு நாள். ஒரு நாள் போகாவிட்டாலும் பேரை அடித்துவிடுவார்கள். கடைசி நாள் வெள்ளிக்கிழமைதான் டெஸ்ட். தவறவிட்டால் மறுபடி எப்போது கூப்பிடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது.

பிள்ளையை யார் பார்ப்பது? இவள் அப்பாவிடம் கேட்டேன். பாத்துக்கலாம் என்றார். அவர் பாத்துக்கலாம் என்று சொன்னது எதையும் இதுவரை யாரும் பார்த்ததில்லை. அம்மாவால் ஊரில் வளர்க்கிற ஆட்டை விட்டுவிட்டு வர முடியாது.

தங்கமணி அக்காவிடம் கேட்டிருக்கலாமே என்பீங்க. கேட்டால் செய்வார். ஆனால் கேட்கிற வழக்கம் எனக்கு இல்லைங்க. இன்றைக்கு ஒரு உதவி கேட்டால் நாளைக்குக் குழாயடியில் நம் குடம் ஒரு இடம் பின்னால் போய்விடும். பட்டன் கொடுத்துவிட்டால் யாருக்கும் யாரும் கீழே இல்லை பாருங்க. பன்னிரண்டு நாளுக்கு அறுபது பட்டன். பெரிய கணக்கெல்லாம் இல்லை, எட்டாவது வரைக்கும் படித்தவள் நான், கணக்கில் நல்ல மார்க். என் டப்பாவில் இருபத்திரண்டு இருந்தது. டிரெய்னிங் விஷயத்தை ஒருத்தியிடமும் மூச்சு விடவில்லை. தெரிந்தால் ஒரு நாளுக்கு ஏழு பட்டன் என்று ஏற்றிவிடுவார்கள் என்று ஒரு பயம்.

பையை ஏன் மடியில் எடுத்து வைத்தீங்க? இன்னும் ஒட்டன்சத்திரமே வரவில்லை. மேலேயே இருக்கட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை டிரெய்னிங் என்றால் அதற்கு முந்தின நாள் ஞாயிறு. மத்தியானம் உட்கார்ந்தேன். தகரத்துக் கம்பியில் தொட்டில் கட்டி இவளைப் போட்டேன். அன்றைக்கு எனக்கு வந்தது பாருங்க சீட்டு, எடுத்தால் ஜோக்கர், தொட்டால் ரம்மி. தங்கமணி அக்காவே ரெண்டு தடவை சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அடையாளம் கிடையாளம் போட்டு வைத்திருக்கிறேனா என்று. மூன்றரை மணிக்கு என் முன்னால் அறுபத்து மூணு பட்டன்.

எனக்கு அறுபது போதும். எழ வேண்டும். எழ முடியாது, அதிகப் பட்டன் என்னிடம். தன்சு அழ வேண்டும்.

இவள் அழவில்லை. சாதாரண நாளில் கொசு தும்மினால் எழுந்திரிக்கிறவள், அன்றைக்கு அப்படி ஒரு தூக்கம். நான் தொண்டையைச் செருமினேன். சீட்டைக் கொஞ்சம் சத்தமாகத் தட்டிப் போட்டேன். தம்ளரைக் கை தவறின மாதிரி உருட்டிவிட்டேன், அது நடை முழுக்கச் சத்தம் போட்டுக்கொண்டு உருண்டு போனது. தொட்டிலில் அசைவே இல்லை. பெற்ற தாய் செய்கிற காரியமா என்று நீங்க நினைக்கலாம். நானும் நினைத்தேன். ஆனால் அறுபத்து மூணு.

அப்போது தங்கமணி அக்கா தலையை நிமிர்த்தாமல் சொன்னார்.

"பாட்டு வருது. கெளம்பப் போறா."

நான் பாடவே இல்லைங்க. ஆனால் அவர் சொன்னதும் ரெஜினா என் பட்டனைப் பார்த்தாள். சுலோச்சனா தொட்டிலைப் பார்த்தாள். மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சுலோச்சனா நைசாகக் காலை நீட்டி, கட்டை விரலால் தொட்டிலை ஆட்ட ஆரம்பித்தாள்.

ஒன்றரை வருஷம் நான் அந்த லைனில் தொட்டில் ஆட்டியிருக்கிறேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், இவர்களில் யாராவது ஒரு ஆட்டு ஆட்டியது உண்டா? அன்றைக்குப் பார்க்கணுமே. சுலோச்சனாவின் கால் ஓய்ந்தால் ரெஜினா கை போட்டாள். தங்கமணி அக்கா எழுந்து போய் உள்ளே இருந்து டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து வைத்தார். அந்த ஃபேனை அவர் தம்பி பொண்டாட்டிக்கே கொடுக்க மாட்டார். பழைய பேப்பர்காரன் நடை வாசலில் வந்து வாயைத் திறந்ததும் ரெஜினா ஓடிப்போய் அவன் வாயைக் கையால் பொத்தாத குறை. புள்ள தூங்குது அண்ணாச்சி, அடுத்த தெருவுக்குப் போங்க என்று கெஞ்சினாள். அவன் பயந்து போய்ச் சைக்கிளைச் சத்தம் வராமல் உருட்டிக்கொண்டு போனான்.

"நான் ஆட்டிக்கிறேன், நீங்க விடுங்க" என்றேன்.

"நீ ஆடு கண்ணு, புள்ளைய நாங்க பாத்துக்கறோம்" என்றார் தங்கமணி அக்கா. அவ்வளவு அன்பாகச் சொன்னார்.

இதுதாங்க தோற்கிறவர்களின் குணம். தங்கள் பட்டன் எதிராளியின் முன்னால் கிடக்கும் வரைக்கும், அது இன்னும் தங்களுடையது என்றே நினைப்பார்கள். எதிராளி எழுந்து டப்பாவில் போட்டு மூடினால்தான் போனதாகக் கணக்கு. அதனால் ஆளை எழ விடமாட்டார்கள். நான் இதையெல்லாம் நன்றாகக் கவனித்திருக்கிறேன். நல்லவேளை, எனக்கு அந்தப் புத்தி கிடையாது.

நான் ஒரு உபாயம் பண்ணினேன். ரம்மியில் வந்த சீட்டு சரியில்லை என்றால் ஆடாமலே கவிழ்த்து வைத்துவிடலாம் இல்லையா, அதை நாங்கள் ஸ்கூட் என்போம். ரெண்டு பட்டனோடு போய்விடும். ஆடிச் சிக்கினால்தான் எட்டு வரைக்கும் போகும். அடுத்த கையை, நல்ல சீட்டுதான், பேசாமல் ஸ்கூட் போட்டேன். அறுபத்தொன்று. தங்கமணி அக்காவுக்குப் புரிந்துவிட்டது. "என்ன புள்ள, வண்டிய நியூட்ரல்ல போட்டுட்டு எறக்கத்துல உருட்டறயா?" என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அதற்கடுத்த கையை ஆடினேன். பாதியிலேயே சுலோச்சனா சீட்டெல்லாம் சேர்ந்து டிக் அடித்து ஆட்டத்தை முடித்துவிட்டாள். என் கையில் பெரிய சீட்டு இல்லை, ரெண்டோடு தப்பித்தேன். ஆனால் எண்ணிப் பார்த்தால் ஐம்பத்தொன்பது.

ஒன்று குறைகிறது. ஒரே ஒரு பட்டன்.

அந்த நேரம் பார்த்து மகராசி எழுந்துவிட்டாள்.

தொட்டிலுக்குள்ளிருந்து ஒரு கை வந்தது, அப்புறம் தலை வந்தது. மூணு பேரும் அப்படியே அசையாமல் இருந்தார்கள். எழலாம் இப்போது. சட்டப்படி எழலாம். எழுந்தே ஆக வேண்டும். என் வாய் என்ன சொன்னது தெரியுமா?

"அவ அழல. சிரிக்கிறா."

நிஜமாகவே சிரித்தாள்ங்க. அழுதால்தானே எழ வேண்டும், சிரித்தால் எழ வேண்டும் என்று யார் சொன்னது? முழித்துக்கொண்டாளே என்றாள் ரெஜினா. முழிப்பது வேறு, அழுவது வேறு என்றேன். மூஞ்சியைப் பார், சுருங்குது, இப்ப அழுதுரும் என்றாள் சுலோச்சனா. நான் தொட்டிலை எட்டிப் பிடித்து ஆட்ட ஆரம்பித்தேன். ராராரோ கூடப் பாடினேன். ஒரு மணி நேரமாக எந்தப் பிள்ளையை எழுப்பப் பாடுபட்டேனோ அதே பிள்ளையை ஒரு கையால் ஆட்டிக்கொண்டு, ஒரு கையில் சீட்டை வைத்துக்கொண்டு, ஒரே ஒரு ஆட்டம் போடுங்கக்கா, ஒண்ணே ஒண்ணு என்று கேட்டேன். தங்கமணி அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு சீட்டைப் போட்டார்.

அதைத் தோற்கிறவர்களின் குணத்தில் சேர்க்காதீங்க. எனக்கு ஒன்றுதான் வேண்டியிருந்தது. அவர்கள் கதை வேறு.

நல்ல கைதான். ஆர்ட்டின் ஏழு ஒன்று வந்தால் டிக். ஆர்ட்டின் ஏழு வரவில்லை. தன்சு தொட்டிலிலிருந்து இறங்கி என் மடிக்கு வந்து, என் சீட்டில் ஒன்றை உருவி வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள். ஈரச் சீட்டை வாங்கித் துடைத்து மறுபடி செருகிக்கொண்டேன். பாதியில் கவிழ்த்து வைத்திருந்தால் நாலோடு போயிருக்கும். அடுத்தது ஏழுதான், அடுத்தது ஏழுதான் என்று உட்கார்ந்திருந்தேன். ரெஜினா டிக் அடித்தாள். என்னிடம் ஜோக்கர் கலக்காத ஒரிஜினல் ரம்மி ஒன்றுகூடச் சேரவில்லை. முழு எட்டு. ஐம்பத்தொன்று.

குழாய் சீறியது. அஞ்சு மணி. தண்ணீர் வந்துவிட்டது.

எல்லோரும் எழுந்தார்கள். சுலோச்சனா கொட்டாவி விட்டாள். ரெஜினா என்னைப் பார்த்து, "எக்கா, நீங்க நல்லாத்தான் ஆடுனீங்க" என்று ஆரம்பித்தாள். நான் எழவில்லை. பாயிலேயே உட்கார்ந்திருந்தேன். இவள் என் தாலிக் கொடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்புள்ள, தண்ணி வந்துருச்சு, கொடத்த வைக்கலயா?" என்றார் தங்கமணி அக்கா.

எப்படி வாயிலிருந்து வந்தது என்றே தெரியவில்லை. நாளைக்கு டிரெய்னிங் இருக்குக்கா என்றேன். அப்புறம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பவர் டேபிள், பன்னிரண்டு நாள், அறுபது பட்டன், ஒரு நாள் விட்டாலும் பேர் போய்விடும், கடைசி நாள் டெஸ்ட். நான் அழவில்லை. மூக்கு மட்டும் ஒழுகியது, தை மாசக் குளிர்.

யாரும் குடம் எடுக்கப் போகவில்லை. தண்ணீர் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. தங்கமணி அக்கா மெதுவாகத் திரும்ப வந்து பாயில் உட்கார்ந்தார்.

"பன்னண்டு நாளா?"

"ஆமாக்கா. திங்கக்கெழமையிலருந்து அடுத்த வெள்ளி வரைக்கும்."

"ஞாயித்துக்கெழமை கம்பெனி உண்டா?"

"இல்லக்கா."

"அப்ப அன்னிக்கு நீ எங்க இருப்ப?"

"இங்கதான்."

"இங்க என்ன பண்ணீட்டு இருப்ப?"

நான் பாயைப் பார்த்தேன். சீட்டைப் பார்த்தேன்.

"பதனோரு நாளு," என்றார் அக்கா. "அம்பத்தஞ்சு பட்டனு. புள்ள முழிச்சப்ப உன்ரகிட்ட அம்பத்தொம்பது இருந்துச்சு. கெளம்பறதுக்குச் சரியான நேரம் அவளுக்குத் தெரிஞ்சிருக்குது, உனக்குத்தான் தெரியல."

முதலில் சிரித்தது ரெஜினா. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சுலோச்சனாவுக்குப் புரை ஏறிவிட்டது. இவளும் என்ன ஏது என்று தெரியாமல் கை தட்டிச் சிரித்தாள். நானும் கடைசியில் சிரித்துவிட்டேன், வேறு என்ன செய்வது? அவர்கள் சிரித்ததில் எனக்கு வருத்தமே இல்லை. கணக்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சேர்த்துக்கொள்வது யாருக்கும் நடக்கும். உங்களுக்கு நடக்காதா?

தங்கமணி அக்கா சட்டக்காரர். சும்மா பார்த்துக்கொள்கிறேன் என்ற பேச்சு அவர் வாயில் வரவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. ஐம்பது பட்டனை எண்ணி வாங்கித் தன் டப்பாவில் போட்டுக்கொண்டார். பத்து நாளுக்கு ஆச்சு என்றார். என்னிடம் மிச்சம் ஒரு பட்டன். டெஸ்ட் நாளுக்கு இன்னும் நாலு வேண்டும். அடுத்த ஞாயிறு வந்து ஆடி ஜெயித்துக்கொள் என்று சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த வாரம் போனேன். பவர் டேபிளில் கால் வைத்ததும் துணி நம் பேச்சைக் கேட்காமல் ஓடும் பாருங்க, முதல் மூணு நாள் கண்ணில் தண்ணீர் வந்தது. நாலாம் நாள் பிடிபட்டுவிட்டது. வீட்டுக்கு வந்தால் தன்சு தங்கமணி அக்கா இடுப்பில் உட்கார்ந்துகொண்டு என்னிடம் வர மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஐம்பது பட்டனுக்கு ஒழுங்காக வேலை செய்தார், அதைச் சொல்ல வேண்டும்.

ஆனால் வெள்ளிக்கிழமை மட்டும் நெஞ்சுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. மறுபடியும் ஞாயிறு வந்தது. ஒரே ஒரு பட்டனோடு ஆட்டத்தில் உட்கார்ந்தவள் எங்கள் லைனில் நான் ஒருத்திதான். ஒரு ஸ்கூட் போட்டால்கூடக் கொடுக்கப் பட்டன் பத்தாது. ஜெயித்தே ஆக வேண்டும். இவளைத் தொட்டிலில் போட்டேன், தூங்கிவிட்டாள். தங்கமணி அக்கா சீட்டைப் போட்டார். எடுத்துப் பார்த்தேன். குப்பை. பதிமூணு சீட்டும் பதிமூணு ஜாதி, ஒன்றோடு ஒன்று பேசாது. இவ்வளவு மோசமான கையை நான் பார்த்ததே இல்லை.

ஆனால் நான் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. நேராக நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணை இமைக்காமல் மூணு பேரையும் ஒரு பார்வை பார்த்தேன். அந்தப் பார்வை எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது. ஒரு வாரம் பவர் டேபிளோடு மல்லுக்கு நின்றதில் வந்திருக்கும்.

தங்கமணி அக்கா சீட்டைக் கவிழ்த்தார். ஸ்கூட். ரெஜினா கவிழ்த்தாள். ஸ்கூட். சுலோச்சனா சீட்டை எடுத்துப் பார்க்கக்கூட இல்லை, அப்படியே தள்ளிவிட்டாள். ஸ்கூட். ஆளுக்கு ரெண்டு, ஆறு பட்டன் என் முன்னால் வந்து விழுந்தது. ஒரே கை.

நான் சும்மா ரெஜினா கவிழ்த்த சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். ஒரிஜினல் ரம்மி ரெடியாக இருக்கிறது, ரெண்டு ஜோக்கர் இருக்கிறது. அவ்வளவு நல்ல கையை வைத்துக்கொண்டு ஒருத்தி ஸ்கூட் போடுகிறாள் என்றால், என் முகத்தில் என்ன பார்த்திருப்பாள் சொல்லுங்க. சீட்டு ஆட்டத்தில் முகம்தாங்க முக்கியம். சீட்டு அப்புறம்தான்.

அடுத்த கையைக் கலைக்கப் போனேன். தங்கமணி அக்கா என் கையைப் பிடித்தார்.

"புள்ள அழுவுது பாரு. எந்திரி."

திரும்பிப் பார்த்தேன். தொட்டில் அப்படியே இருக்கிறது. இவள் நல்ல தூக்கம், மூச்சுச் சத்தம்கூடக் கேட்கிறது. அழவில்லையேக்கா என்றேன். ஆமா, எனக்கும் கேட்டுச்சு என்றாள் ரெஜினா. கொஞ்ச நேரமா அழுவுதே, காதுல விழலயா என்றாள் சுலோச்சனா. மூணு பேருக்கும் ஒரே நேரத்தில் காதில் என்ன வந்தது என்று தெரியவில்லை. சட்டம் சட்டம்தானே, பிள்ளை அழுதால் எழ வேண்டும் என்று என்னை எழுப்பிவிட்டார்கள். அஞ்சு பட்டனைத் தங்கமணி அக்கா அங்கேயே எண்ணி எடுத்துக்கொண்டார், வெள்ளிக்கிழமைக்கு. நான் இவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தேன். கதவைச் சாத்தின பிறகு வெளியே மூணு பேரும் என்னவோ பேசிச் சிரித்தார்கள். தோற்றவர்கள் அப்படித்தான், சிரித்துச் சமாளிப்பார்கள்.

வெள்ளிக்கிழமை டெஸ்டில் பாஸ். இப்போது பவர் டேபிள் டைலர். இந்தப் பயணத்துக்கு இவள் போட்டிருக்கிற கவுன்கூட நான் தைத்ததுதான், தையல் எப்படி ஓடியிருக்கிறது பாருங்க, கோணல் இருக்கிறதா? ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இன்னும் நடக்கிறது. அந்த மூணு பேரும் அன்றைக்கு என்னிடம் அப்படிப் பயந்து போனதைப் பற்றி நான் இதுவரை ஒரு வார்த்தை பேசினதில்லைங்க. எதற்கு? பேசினால் அவர்களுக்கு வெட்கமாக இருக்கும்.